முதியோரின் மருந்தும் நினைவாற்றலும்

நெற்பயிருக்கு வேண்டிய தழைச்சத்து உரத்தை நடவின்போது ஒரு பங்கும், தூர் கட்டும் பருவத்தில் ஒரு பங்கும், கதிர் உருவாகும் பருவத்தில் ஒரு பங்குமாகப் பிரித்து இடவேண்டும் என்பதை உழவர் அனைவரும் அறிவர். அதே உரத்தை ஒரே நாளில் கொட்டினால் பயிர் மதர்த்து வளர்ந்து சாயும்; புகையான் பெருகும். பருவம் தப்பி இட்டால் போட்ட பணம் வீணாகும். உரம் நல்லதே; மொத்த அளவும் சரியே; இட்ட முறைதான் தவறு. மருந்தின் நிலையும் இதுவேயாகும். உரிய மருந்தை உரிய வேளையில் உரிய அளவில் உண்டாலன்றி அதன் பயன் நம்மை வந்து சேராது. சில வேளைகளில் கேடே விளையும்.

இன்று நமது கிராமங்களில் மருந்து கிடைப்பது முன்போல் அரிதன்று. 1994-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வாயிலாக ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மருந்துகள் வருகின்றன. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகளை வீடு தேடிச் சென்று வழங்குகின்றனர். ஆயினும், வீடு வரையில் வந்த மாத்திரை முறைப்படி உண்ணப்படுகிறதா என்பது வேறொரு கேள்வியாகும். நீண்டகால நோயாளிகளுள், வளர்ந்த நாடுகளிற்கூட ஏறத்தாழப் பாதிப் பேரே மருந்தை முறையாக உண்கின்றனர் என்றும், வளரும் நாடுகளில் இந்த அளவு இன்னும் குறைவு என்றும் உலக சுகாதார நிறுவனம் 2003-ஆம் ஆண்டு அறிக்கையில் தெரிவித்தது.

இது நமது மாநிலத்துக்கு மிகவும் பொருந்திய செய்தியாகும். மத்திய அரசின் புள்ளியியல் துறை 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவ்வாண்டில் தமிழகத்தில் நூற்றுக்கு 13.6 பேர் 60 வயது நிரம்பியோர் என மதிப்பிடப்பட்டது. பெரிய மாநிலங்களுள் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கே. பிள்ளைகள் பிழைப்பின்பொருட்டுத் திருப்பூருக்கும் சென்னைக்கும் சென்றுவிட, கிராமத்து வீட்டில் கிழவனும் கிழவியுமாகவோ, ஒருவர் மட்டும் தனித்தோ வாழும் நிலை எங்கும் காணப்படுகிறது. அவர்களுடைய மருந்தை அவர்களே கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு மனத்தின் எந்தெந்த ஆற்றல்கள் வேண்டும், அவற்றுள் எது தளர்ந்தால் என்ன தவறு நேரும், வீடும் ஊரும் எவ்வாறு துணை நிற்கலாம் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

சென்னையிற் கற்ற பாடம்

மருந்தைக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது என்ற உண்மையை உலகுக்குத் தெளிவாக உணர்த்திய ஊர்களுள் சென்னையும் ஒன்று. 1956-ஆம் ஆண்டில் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. காசநோயாளரை மருத்துவமனையில் மாதக்கணக்கிற் படுக்கவைத்துச் சிகிச்சை செய்வதா, வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாமா என்பதே அதன் முதல் ஆராய்ச்சி. வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பயனைத் தருகிறது என்ற முடிவு 1959-இல் வெளியாயிற்று. அதனோடு மற்றொரு செய்தியும் புலப்பட்டது. முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணியபோதும், சிறுநீரைச் சோதித்தபோதும், மருந்தை ஒழுங்காக உண்ணாதோர் பலர் இருப்பது தெரியவந்தது. இதனின்றே, மருந்தை ஒருவர் கண்முன் உண்ணச் செய்யும் முறை அங்கு ஆராயப்பட்டது. அம்முறையே பின்னர் 1990-களில் உலகெங்கும் காசநோய் ஒழிப்புப் பணியில் இடம்பெற்றது.

அந்த நோயாளிகளுட் பலர் வயதில் இளையோர். எனவே மருந்து தவறுதல் முதுமைக்கு மட்டும் உரிய குறையன்று. மனித இயல்பு என்று முதலிற் கொள்ளவேண்டும். முதுமையில் அவ்வியல்போடு வேறு சில தளர்ச்சிகளும் சேர்கின்றன.

ஒரு மாத்திரைக்குள் ஆறு வேலைகள்

70 வயதான மூதாட்டி ஒருவருக்குச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். காலையும் இரவும் உணவோடு மெட்பார்மின்; காலையில் உணவுக்கு முன்பு சர்க்கரையைக் குறைக்கும் மற்றொரு மாத்திரை; காலையில் இரத்த அழுத்தத்துக்கு ஒன்று; இரவில் கொழுப்பைக் குறைக்க ஒன்று. ஆக நான்கு வகை, நாளொன்றுக்கு ஐந்து மாத்திரை, முப்பது நாளில் 150 மாத்திரை. பார்ப்பதற்கு எளிய செயல். ஆயினும் இதனுள் ஆறு வேலைகள் அடங்கியுள்ளன.

முதலாவது, சொன்னதைப் புரிந்துகொள்ளுதல். மருத்துவர் சீட்டில் 1-0-1 என்று எழுதுகிறார். காலை ஒன்று, பகலில் இல்லை, இரவு ஒன்று என்பது அதன் பொருள். எழுத்தறியாதவர்க்கும், காது மந்தமானவர்க்கும், கூட்ட நெரிசலில் விரைவாகச் சொல்லப்பட்ட இச்செய்தி மனத்திற் படிவதில்லை.

இரண்டாவது, திட்டமிடுதல். நான்கு மாத்திரைகளுக்கும் உரிய நான்கு கட்டளைகளையும் ஒருங்கே மனத்தில் நிறுத்தி, ஒரு நாளின் வேலைகளுக்கிடையே பொருத்த வேண்டும். பல செய்திகளை ஒரே வேளையில் மனத்தில் ஏந்திக் கையாளும் ஆற்றலைச் செயல்நினைவு என்பர். வயது ஏற ஏற இது குறைவது பொது இயல்பு.

மூன்றாவது, உரிய வேளையில் நினைவு வருதல். நடந்ததை நினைப்பது ஒன்று. செய்ய வேண்டியதை, செய்யவேண்டிய வேளையில் தானாக நினைப்பது மற்றொன்று. பின்னதை வருங்கால நினைவு எனலாம். 1990-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன், மக்டேனியல் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர் இதனை ஆராய்ந்தனர். குறிப்பிட்ட ஒரு பொருளையோ நிகழ்ச்சியையோ கண்டவுடன் செய்ய வேண்டிய வேலையை, அவ்வாராய்ச்சியில் முதியோரும் இளையோரும் ஒப்பவே நினைவிற்கொண்டு செய்தனர். மணியைத் தாமே கவனித்துச் செய்ய வேண்டிய வேலையிலேதான் முதியோர் பெரிதும் பின்தங்குகின்றனர் என்பது பிறகு செய்த ஆராய்ச்சிகளிற் புலனாயிற்று. ‘எட்டு மணிக்கு’ என்று சொல்வதினும் ‘காலைக் காப்பி குடித்தவுடன்’ என்று சொல்வது ஏன் நலம் என்பது இதனால் விளங்கும்.

நான்காவது, அடையாளம் காணுதல். நம் முதியோரிற் பலர் மாத்திரையின் பெயரை அறியார். நிறத்தையும் உருவத்தையும் கொண்டே அறிவர். ஒரே மருந்தைத் தயாரிக்கும் நிறுவனம் மாறினால் நிறமும் மாறுகிறது. மாரடைப்புக்குப் பின் மருந்து உண்போரைக் குறித்து 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, மாத்திரையின் நிறம் மாறியபோது மருந்தை நிறுத்திவிடும் வாய்ப்பு 34 சதவிகிதமும், உருவம் மாறியபோது 66 சதவிகிதமும் கூடியதாகக் கண்டது. மருந்து மாறவில்லை, தோற்றமே மாறிற்று.

ஐந்தாவது, உண்டதை நினைவில் வைத்தல். நாள்தோறும் ஒரே இடத்தில் ஒரே விதமாகச் செய்யும் செயலில், இன்றைய நினைவும் நேற்றைய நினைவும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ‘உண்டேனா, இல்லையா’ என்ற ஐயம் எழுகிறது. ஐயத்தில் மீண்டும் ஒன்றை உண்போரும் உளர். உண்ணாமலே உண்டதாக எண்ணி விட்டுவிடுவோரும் உளர்.

ஆறாவது, நிலைமை மாறும்போது முடிவெடுத்தல். அன்று ஏகாதசி விரதம். அல்லது வாந்தி பேதி. அல்லது உறவினர் திருமணத்துக்கு வெளியூர்ப் பயணம். உணவின்றிச் சர்க்கரை மாத்திரை உண்ணலாமா? ஒரு வேளை தவறியதை மறுவேளையிற் சேர்த்து உண்ணலாமா? இவற்றை ஆராய்ந்து முடிவு செய்ய நிதானமும் சிந்தனைத் திறனும் வேண்டும்.

இந்த ஆறில் எந்த ஒன்று தளர்ந்தாலும் மருந்து தவறும். வெளியிலிருந்து பார்ப்போர்க்கு எல்லாம் ஒரே தவறாகவே தோன்றும். ‘பெரியவர் சொன்னால் கேட்பதில்லை’ என்று சொல்லிவிடுவோம். ஆனால் எது தளர்ந்தது என்று கண்டாலன்றிப் பரிகாரம் செய்ய இயலாது. வயலுக்குத் தண்ணீர் வராவிடில், மோட்டாரிற் பழுதா, வாய்க்காலில் உடைப்பா, கிணற்றிலேயே நீர் இல்லையா என்று பார்த்த பிறகன்றோ வேலையிற் கை வைக்கிறோம்!

வயது எதைக் குறைக்கிறது, எதைக் குறைப்பதில்லை

முதியோர் எல்லாரும் மறதியுடையோர் என்று எண்ணுவது பிழையாகும். 1999-ஆம் ஆண்டில், மூட்டுவாத நோயாளிகளிடம் செய்த ஓர் அமெரிக்க ஆய்வில், மருந்தை மிகுதியாகத் தவறவிட்டோர் முதியோர் அல்லர். ஓய்வின்றி அலையும் நடுவயதினரே. நாளொழுங்கு அமைந்த முதியோர் மிகச் சரியாக உண்டனர். பழக்கம், சொல்லறிவு, வாழ்க்கையிற் பெற்ற அனுபவம் ஆகியன முதுமையிலும் எளிதிற் குறைவதில்லை. விதைப்பு நாளையும், கால்நடைக்குத் தீவனம் வைக்கும் வேளையையும் 75 வயதிலும் பிழையாது நடத்தும் பெரியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் உளர்.

குறைவன வேறு. புதிய செய்தியை விரைவாக ஏற்பது, பலவற்றை ஒருங்கே கையாளுவது, இடையில் வேறு வேலை குறுக்கிட்டபின் விட்ட இடத்திற்குத் திரும்புவது ஆகியன தளர்கின்றன. 2006-இல் வெளியான மற்றோர் ஆய்வில், தனித்து வாழ்ந்து தம் மருந்தைத் தாமே கவனித்த முதியோரிடையே, யார் சரியாக உண்பர் என்பதைக் காட்டிய அடையாளம் செயல்நினைவும் திட்டமிடும் திறனுமேயன்றி வேறன்று. ஆதலின் குறைந்த திறன்களைக் குறை கூறி வற்புறுத்துவதைவிட, குறையாத பழக்கத்தின்மீது மருந்தை ஏற்றி வைப்பதே அறிவுடைமை.

தவறினால் நேரும் ஆபத்து

எல்லா மருந்திலும் தவறின் விளைவு ஒரே தன்மையதன்று. அம்லோடிபின் என்னும் இரத்த அழுத்த மருந்து உடலில் நெடுநேரம் தங்குவது. ஒரு வேளை தவறினால் உடனே பெருந்தீங்கு நேர்வது அரிது. வாரக்கணக்கில் விட்டுவிட்டால் பக்கவாதத்துக்கு வழி கோலும். அட்டெனலால் போன்ற மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் நேரக்கூடும்.

கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளை இருமுறை உண்டாலும், உண்டபின் உணவு கொள்ளாவிடினும், இரத்தத்திற் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடும். இளையோர்க்கு வியர்வையும் நடுக்கமும் முன்னறிவிப்பாக வரும். முதியோரிடம் சில வேளை தடுமாற்றமும் பிதற்றலும் மட்டுமே தோன்றும். ‘வயதாகிவிட்டது, அதனால் உளறுகிறார்’ என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடியுமாயின் உடனே சர்க்கரை கரைத்த நீர் கொடுத்து, 108 ஊர்தியை அழைக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. இவ்வகை மாத்திரைகளாற் சர்க்கரை தாழ்ந்தால், தெளிந்தபின்னும் சில மணி நேரத்தில் மீண்டும் தாழக்கூடும். எனவே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது கட்டாயம். கிளிபென்கிளமைடு 60 வயதுக்கு மேற்பட்டோர்க்கு ஏற்றதன்று என உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியல் குறிப்பிடுகிறது. அதனை உண்ணும் முதியோர் தாமாக நிறுத்தாமல், மாற்று மருந்து தேவையா என்று மருத்துவரைக் கேட்கவேண்டும்.

மூட்டுவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரையை வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உண்ணவேண்டும். அதனை நாள்தோறும் உண்டு உயிரிழந்தோர் பல நாடுகளிலும் உளர். இத்தகைய மருந்து வீட்டில் இருக்குமாயின், அதை மற்றவற்றோடு வைக்காமல் வேறாக வைத்து, இன்ன கிழமை என்று குறித்து, வீட்டார் ஒருவர் கையாற் கொடுப்பதே பாதுகாப்பு.

மறதிக்குக் காரணம் முதுமை மட்டுமா?

புதிதாக மறதி தோன்றினால் அதை முதுமையின் தலையிற் சுமத்திவிடலாகாது. தைராய்டு சுரப்பிக் குறை, பி12 உயிர்ச்சத்துக் குறை, உப்புச்சத்துத் தாழ்வு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியை விளைக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. கண்புரையும் காது மந்தமும் மறதிபோலவே தோற்றமளிப்பதும் உண்டு. மாத்திரையைக் காணமுடியாதவரை மறந்தவர் என்று சொல்லிவிடுகிறோம்.

சில மருந்துகளே மனத்தை மந்தமாக்குவனவாகும். கடையில் வாங்கி உண்ணும் சளி மாத்திரைகளிற் பலவற்றில் உள்ள குளோர்பெனிரமின், தூக்கத்துக்கு உண்ணும் அல்பிரசோலம், நரம்பு வலிக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலின் ஆகியன முதியோரிடம் குழப்பத்தை உண்டாக்கக்கூடும். வலிக்காகக் கடையில் வாங்கும் டைக்ளோபினாக் போன்றவை இரத்த அழுத்தத்தை உயர்த்தி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். எனவே மருத்துவரிடம் செல்லும்போது அரசு மாத்திரை, கடை மாத்திரை, லேகியம், சூரணம் ஆகிய அனைத்தையும் ஒரே பையில் எடுத்துச் சென்று காட்டவேண்டும். ஒரு மஞ்சள் பை இதற்குப் போதும். வேண்டாத மருந்தைக் குறைத்துத் தருமாறும், மூன்று வேளை மருந்தை ஒரு வேளையாக்க இயலுமா என்றும் கேட்பது நோயாளியின் உரிமையாகும். மாத்திரையின் எண்ணிக்கை குறையுந்தோறும் மனத்தின் சுமையும் குறைகிறது.

மற்றொன்றையும் நம் மக்கள் அறியவேண்டும். கட்டுக்கு அடங்காத இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுத்து நினைவாற்றலைக் குறைக்கின்றன. நினைவாற்றல் குறையவே மருந்து தவறுகிறது. மருந்து தவறவே நோய் முற்றுகிறது. இவ்வாறு ஒரு சுழல் ஏற்படுகிறது. மறதி நோய்க்கான காரணங்களுள் ஏறத்தாழ 45 சதவிகிதம் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடியவை என 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு கணித்தது. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், கேள்விக் குறை, பார்வைக் குறை ஆகிய நான்கும் அப்பட்டியலில் உள்ளன. இன்று மருந்தைச் சரியாக உண்பதே நாளை நினைவைக் காப்பதாகும்.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 7.4 பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. நகரத்தினும் கிராமத்தில் இது மிகுதி. இந்நோயின் தொடக்கத்திலேயே தடுமாறும் செயல்களுள் மருந்தைத் தாமே கவனித்துக்கொள்வதும் ஒன்று. லாட்டன், பிராடி என்போர் 1969-இல் வகுத்த முதியோர் செயல்திறன் அளவுகோலில், தொலைபேசி, கடைகண்ணி, பணக் கணக்கு ஆகியவற்றோடு மருந்துப் பொறுப்பும் இடம்பெற்றிருக்கிறது. இம்மாத மாத்திரை தீரவேண்டிய நாளில் பாதி மீந்திருப்பது, அல்லது பத்து நாள் முன்னதாகவே தீர்ந்துவிடுவது, பால் கணக்கிற் புதிதாகக் குழப்பம், கேட்டதையே மீண்டும் கேட்பது ஆகியவற்றைக் கண்டால் மருத்துவரிடம் காட்டவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் எழுத்துச் சோதனையில் தவறினால் அது நோயன்று. அத்தகையோர்க்கு ஏற்ற சோதனைகளை ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் 1990-களிலேயே வகுத்துள்ளனர்.

வீட்டார் செய்யக்கூடியன

எது தளர்ந்ததோ அதற்கேற்ற துணையைத் தரவேண்டும்.

1. புரிதல் குறைவாயின்: மருந்தாளுநர் சொன்னதை முதியவரே திரும்பச் சொல்லுமாறு செய்க. மாத்திரை உறையின்மீது காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் வரைந்து, உணவுக்கு முன்னா, பின்னா என்பதைச் சோற்றுத் தட்டின் படத்தால் குறிக்கலாம். மாத்திரை அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதி கடைசிவரை இருக்குமாறு வெட்டுக.

2. வேளை மறப்பாராயின்: மணியோடு அன்று, தவறாத ஒரு பழக்கத்தோடு மருந்தைச் சேர்க்க. பல் துலக்கல், காலைக் காப்பி, மாலை விளக்கேற்றல், இரவு உணவு ஆகியவற்றுள் மருத்துவர் சொன்ன வேளைக்கு எது பொருந்துமோ அதனருகிலேயே மருந்து இருக்கட்டும். ஈரமும் வெயிலும் படாத, பேரக்குழந்தைகளின் கைக்கு எட்டாத இடமாக அது இருக்கவேண்டும். வெளியூரில் உள்ள மகனோ மகளோ நாள்தோறும் அந்த வேளையில் தொலைபேசியில் அழைத்து, பேச்சோடு பேச்சாக, உண்டபின் வைப்பதும் நல்ல துணையே.

3. உண்டோமா என்ற ஐயம் எழுமாயின்: நாளுக்குரிய அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டி நலம். அறை காலியாயின் உண்டாயிற்று. பெட்டி இல்லாவிடில், உண்டவுடன் நாட்காட்டித் தாளிற் கோடிடலாம். 2009-இல் நடந்த ஓர் ஆராய்ச்சியில், வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யும்போது கையைத் தலைமீது வைக்குமாறு சொன்னபோது, செய்ததையே மீண்டும் செய்யும் தவறு முதியோரிடம் வெகுவாகக் குறைந்தது. அதுபோல, மாத்திரையை விழுங்கும்போது தலையிற் கைவைத்து ‘இன்று செவ்வாய், காலை மாத்திரை உண்டேன்’ என்று வாய்விட்டுச் சொல்வது நினைவுக்குத் துணையாகும். செலவு ஏதுமில்லை.

4. ஐயம் தீராவிடில்: இன்னொன்றை உண்ணலாகாது. தவறிய வேளைக்காக அடுத்த வேளை இரட்டிப்பாக உண்பதும் கூடாது. விரதம், வாந்தி, பயணம் ஆகிய நாள்களில் எந்த மாத்திரையை எவ்வாறு உண்பது என்பதை முன்னரே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்க.

5. நாளும் கிழமையும் தெரியாத நிலை வந்துவிட்டால்: பெட்டியும் படமும் பயன்படா. அப்போது மருந்தை வேறொருவர் பொறுப்பில் வைத்து, வேளைக்கு வேளை கையிற் கொடுத்து, விழுங்கியதைக் கண்ணாற் கண்டு வரவேண்டும். முதியவரின் கௌரவம் கெடாதவாறு இதனைச் செய்தல் இன்றியமையாதது. ‘நாமிருவரும் சேர்ந்து மருந்து சாப்பிடுவோம்’ என்னும் சொல்லுக்கு இணங்குவோர் அதட்டலுக்கு இணங்கார்.

ஒரு மாதம் செய்துவிட்டு நிறுத்துவதிற் பயனில்லை. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய நினைவுத் துணைகளைக் கற்பித்தபோது இரத்த அழுத்த மருந்தை முறையாக உண்ணும் அளவு 57 சதவிகிதத்திலிருந்து 78 சதவிகிதமாக உயர்ந்தது. கற்பித்தல் நின்ற சில மாதங்களில் அப்பயனிற் பெரும்பகுதி மறைந்துவிட்டது. களையெடுப்பு ஒரு முறையோடு முடிவதில்லை அல்லவா?

ஊராட்சி செய்யக்கூடியன

இத்தொண்டுக்குப் புதிய நிதியோ கட்டடமோ வேண்டுவதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபையில் இதனை ஒரு பொருளாக எடுத்து, பின்வருவனவற்றைத் தொடங்கலாம்.

வார்டு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வார்டில் தனித்து வாழும் முதியோரையும், கணவன் மனைவி இருவருமே முதியோராய் உள்ள வீடுகளையும் கணக்கெடுத்து, அவ்வீடுகளை மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடமும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் தெரிவிக்கலாம். யாருக்கு என்ன நோய் என்பது பொது இடத்திற் பேசும் செய்தியன்று. கிராம சபையிற் பெயர் சொல்லி அறிவிக்கலாகாது.

தன்னார்வலர் மாத்திரை வழங்கும்போது, சென்ற முறை தந்ததில் மீதி எவ்வளவு என்று எண்ணிப் பார்த்துக் குறிக்குமாறு கேட்டுக்கொள்ளலாம். சேத்துப்பட்டில் அன்று செய்த அதே வேலைதான் இது. மீதி மிகுந்திருந்தால் அது குற்றஞ்சாட்டுவதற்குரிய சான்றன்று. துணை வேண்டும் என்பதற்குரிய அடையாளமாகும். நிறமோ உருவமோ மாறிய மாத்திரை வந்திருந்தால், பழைய அட்டையையும் புதியதையும் அருகருகே வைத்துக் காட்டி, இரண்டும் ஒன்றே என்று விளக்கவேண்டும். பழைய அட்டையை அப்புறப்படுத்தாவிடில் இரண்டையும் சேர்த்து உண்ணும் ஆபத்து உண்டு.

தனித்து வாழும் முதியவர் ஒவ்வொருவருக்கும், அண்டை வீட்டார் ஒருவரையோ சுயஉதவிக் குழு உறுப்பினர் ஒருவரையோ மருந்துத் துணையாக, முதியவரின் இசைவோடு அமைக்கலாம். காலையில் ஒருமுறை எட்டிப் பார்ப்பது அவர் வேலை. மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ அவருக்கு அதிகாரமில்லை. அது மருத்துவருடைய பொறுப்பு. ஆண்டுக்கு இருமுறை, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் ஒத்துழைப்புடன், முதியோர் தம் மருந்துப் பையோடு வந்து சரிபார்த்துக்கொள்ளும் நாள் ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் நடத்தலாம். அன்றே கண், காது சோதனையும் செய்விப்பது நலம். முதியோருக்கான 14567 என்னும் உதவித் தொலைபேசி எண்ணையும், அவசர ஊர்திக்குரிய 108 எண்ணையும் பெரிய எழுத்தில் அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம்.

ஓர் ஊராட்சியில் இத்தகைய வீடுகள் முப்பதோ நாற்பதோ இருக்கலாம். பத்துப் பேர் பொறுப்பேற்றால் ஒருவருக்கு மூன்று அல்லது நான்கு வீடுகளே வரும். நம் நிலங்களைத் திருத்தி, கிணறு வெட்டி, இவ்வூர்களை நமக்குத் தந்தவர்கள் அம்முதியோரே. அவர்களுக்கு மருந்தை வழங்கும் கடமையை அரசு ஏற்றிருக்கிறது. அது முறையாக உண்ணப்படுகிறதா என்று பார்க்கும் கடமை வீட்டாரையும் ஊராரையும் சார்ந்தது. அடுத்த கிராம சபை கூடும் முன்னர், உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வார்டில் உள்ள அத்தகைய வீடுகளின் பட்டியலோடு வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.